மருத்துவத்தில் பாலிமர்கள்: வகைகள், பண்புகள், பயன்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியுடன் பல பாலிமர்களும் வீட்டிற்கு வருகின்றன. காயத்தைப் பிணைத்திருக்கும் தையல் நூல், சிறுநீர் வடிகுழாய், சிறுநீர் சேரும் பை, மூக்குவழி உணவுக்குழாய், ஊசிக்குழல் ஆகியவை பெரும்பாலும் பாலிமர்களால் ஆனவை. பல மாத்திரைகளின் மேலுறையும் அவ்வாறே. இவற்றை ஒரே தன்மை கொண்டவை என்று கருதி, வீட்டில் பழகிய முறைகளை எல்லாவற்றிற்கும் கையாள்வது இயல்பு. கொதிக்க வைத்தல், எண்ணெய் தடவுதல், பொடித்துக் கொடுத்தல் ஆகிய மூன்றும் நல்லெண்ணத்துடன் செய்யப்படுபவையே. எனினும், பொருந்தாத பாலிமரின் மீது செய்யும்போது அவை நோயாளிக்குத் தீங்கு விளைவிக்கும். எந்தப் பொருளை எவ்வாறு கையாள வேண்டும், ஏன் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பாலிமர் என்றால் என்ன?

மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் நீண்ட சங்கிலியே பாலிமர். தமிழில் இதனைப் பலபடி என்பர். இத்தகைய நீண்ட மூலக்கூறுகள் உள்ளன என்ற கருத்தை 1920-இல் ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் முன்வைத்தார். இத்துறையில் அவர் ஆற்றிய பணிக்காக 1953-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரே மோனோமர் வெவ்வேறு விதமாகப் பிணைந்தால் வெவ்வேறு பொருள்கள் உருவாகும். அரிசியில் உள்ள மாவுச்சத்தும் பருத்தியில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகளே. பிணைப்பின் அமைப்பு மட்டுமே வேறு. ஆயினும் மாவுச்சத்து நமக்குச் செரிக்கிறது, செல்லுலோஸ் செரிப்பதில்லை. எனவே ஒரு பாலிமரின் பண்பை அதன் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

முக்கிய வகைகள்

தோற்றத்தின் அடிப்படையில் பாலிமர்கள் இயற்கையானவை, செயற்கையானவை என இருவகைப்படும். பட்டு, ரப்பர், செல்லுலோஸ், நம் உடலிலுள்ள புரதங்கள் ஆகியவை இயற்கைப் பாலிமர்கள். நைலான், பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை செயற்கைப் பாலிமர்கள்.

பண்பின் அடிப்படையில் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

• இளகும் வகை: சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் பெரிதும் பயன்படும் பாலிவினைல் குளோரைடு இவ்வகையைச் சேர்ந்தது.
• இறுகும் வகை: ஒருமுறை இறுகிய பின் மீண்டும் இளகாது. பிரஷர் குக்கரின் கைப்பிடியில் உள்ள பேக்லைட் இதற்கு எடுத்துக்காட்டு.
• மீள்தன்மை வகை: இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பரும் சிலிக்கோனும் இவ்வகையின.

ஊசிக்குழலையும் குழாய்களையும் ஏன் கொதிக்க வைக்கக் கூடாது?

பழைய கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்க வைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. இன்றைய ஊசிக்குழல்கள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவதற்காகச் செய்யப்படுகின்றன. தொழிற்சாலையிலேயே எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ கதிர்வீச்சாலோ அவை கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன. வீட்டில் கொதிக்க வைப்பது அதற்கு ஈடாகாது. சில நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதிநீரிலும் உயிர் பிழைக்கும். மேலும், இளகும் வகைப் பாலிமர்கள் வெப்பத்தால் உருமாறக்கூடும். ஆகவே, ‘ஒருமுறை பயன்பாட்டிற்கு மட்டும்’ எனக் குறிக்கப்பட்ட எப்பொருளையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

சிறுநீர் வடிகுழாயில் எண்ணெய் தடவலாமா?

தடவக் கூடாது. எண்ணெயும் வாசலின் போன்ற களிம்புகளும் லேடெக்ஸின் சங்கிலிகளுக்கிடையே ஊடுருவி அதனை வலுவிழக்கச் செய்யும். வடிகுழாயை உள்ளே நிலைநிறுத்தும் சிறு பலூன் இதனால் உடையவும், குழாய் வெளியே வந்துவிடவும் வாய்ப்புண்டு. வடிகுழாயைச் சுற்றியுள்ள பகுதியை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்தல் போதுமானது.

சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலியைக் கொண்டது சிலிக்கோன். அது உடல் திசுக்களை அதிகம் உறுத்துவதில்லை. எனவே, லேடெக்ஸ் வடிகுழாய்கள் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் மாற்றப்பட, முழுவதும் சிலிக்கோனால் ஆனவை 12 வாரங்கள் வரை வைக்கப்படலாம். அடைப்போ கிருமித்தொற்றோ ஏற்பட்டால் அதற்கு முன்பே மாற்ற நேரிடும். உங்களுக்குப் பொருத்தப்பட்டிருப்பது எவ்வகை, மாற்ற வேண்டிய நாள் எது என்பதை மருத்துவமனையிலிருந்து செல்லும் முன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறையாலோ பலூனாலோ அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டதுண்டு எனில், அதனை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

எல்லா மாத்திரைகளையும் பொடித்துக் கொடுக்கலாமா?

விழுங்க இயலாத முதியோருக்கும், மூக்குவழிக் குழாயில் உணவு பெறுவோருக்கும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பது வழக்கம். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. மாத்திரையில் உள்ள பாலிமர் பல வேளைகளில் மருந்தின் அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் காவலாக இருக்கிறது.

• நீடித்து வெளியிடும் மாத்திரைகள்: இவற்றில் பலவற்றில், செல்லுலோஸிலிருந்து பெறப்படும் ஹைப்ரோமெல்லோஸ் என்னும் பாலிமர் உள்ளது. நீர் பட்டவுடன் அது கூழ்போல் ஆகி, மருந்தைப் பல மணி நேரத்திற்குச் சிறிது சிறிதாக வெளியிடும். பொடித்தால் அந்த அமைப்பு சிதைந்து, நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் சேரக்கூடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்த மருந்துகளில் இது ஆபத்தானது. நீடித்து வெளியிடும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் மூச்சு ஒடுங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.
• குடலில் கரையும் மேலுறை கொண்டவை: இம்மேலுறை வயிற்றின் அமிலத்தில் கரையாமல், அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலில் கரையும். பான்டோபிரசோல் போன்ற மருந்தை வயிற்று அமிலம் அழித்துவிடுமாதலால் இவ்வுறை தேவைப்படுகிறது. பொடித்தால் மருந்து பயனற்றுப் போகும்.

மருந்தின் பெயருக்குப் பின் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருப்பின், அது நீடித்து வெளியிடும் வகை என அறியலாம். எழுத்துகள் இல்லாவிடினும், எந்த மாத்திரையையும் பொடிக்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். திரவ மருந்து அல்லது வேறு மாற்று மருந்து பெரும்பாலும் கிடைக்கும்.

நீடித்து வெளியிடும் சில மாத்திரைகளின் கூடு மலத்தில் முழுமையாகத் தென்படலாம். மருந்து உடலில் சேர்ந்த பின் எஞ்சிய பாலிமர் கூடே அது. எனவே மீண்டும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டாம்.

கரையும் தையலும் கரையாத தையலும்

பாலிகிளாக்டின் போன்ற பாலிமர்கள் உடலிலுள்ள நீரால் சிறிது சிறிதாகச் சிதைந்து, ஏறத்தாழ 2 மாதங்கள் முதல் இரண்டரை மாதங்களுக்குள் உடலில் கலந்துவிடும். நைலான், பாலிபுரொப்பிலீன் நூல்கள் அவ்வாறு கரைவதில்லை. தோலில் இடப்பட்ட இத்தையல்களைப் பொதுவாக முகத்தில் 5 நாள்களிலும், கை கால்களில் 10 முதல் 14 நாள்களிலும் அகற்றுவர். தாமதித்தால் தழும்பு மிகும். நூலின் நுனி வெளியே தெரிந்தால் இழுக்கவோ வெட்டவோ வேண்டாம்.

உடலில் நிலைத்திருப்பவை

கண்புரை அறுவை சிகிச்சையில் பொருத்தப்படும் செயற்கை வில்லையும் பாலிமரே. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் புகுந்த அக்ரிலிக் துண்டுகள் பெரும்பாலும் அழற்சி உண்டாக்காததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949-இல் லண்டனில் அப்பொருளால் ஆன முதல் வில்லையைப் பொருத்தினார். 1992 முதல் மதுரையிலுள்ள ஆரோலேப் நிறுவனம் இத்தகைய வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரித்து வருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இதய வால்வின் அசையும் வட்டு, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆனது. குடலிறக்க அறுவையில் வைக்கப்படும் வலை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்.

இவற்றை மாற்றவோ அகற்றவோ பொதுவாகத் தேவையில்லை. எனினும், பொருத்தப்பட்டதற்கான அட்டையைப் பாதுகாத்து, எந்தச் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன் காட்டுங்கள். செயற்கை இதய வால்வு உள்ளோர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பயன்படுத்திய பின்

குழாய்களையும் பைகளையும் வீட்டில் எரிக்காதீர்கள். பாலிவினைல் குளோரைடு எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் வெளிப்படும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் இட்டு மூடி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒப்படைக்கும் முறையைக் கேட்டறியுங்கள்.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய நிலைகள்

• வடிகுழாயில் சிறுநீர் வராமல் அடிவயிறு வலித்தல், அல்லது காய்ச்சலுடன் நடுக்கம்
• தையல் இட்ட இடத்தில் சீழ், சிவப்பு, வீக்கம்
• கண் அறுவைக்குப் பின் வலி, சிவப்பு, பார்வை குறைதல்
• பொடித்த மாத்திரை கொடுத்த பின் மயக்கம், மிகுந்த தூக்கம், மூச்சு மெதுவாதல்

ஐயம் இருப்பின் தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணையும், அவசர நிலையில் 108 எண்ணையும் அழையுங்கள்.