ஃபுளூரைடும் குழந்தைகளின் பற்களும்

பொம்மனஹள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சொந்த ஊர்கள். விடுமுறையில் அங்குச் செல்லும்போது, பெரியவர்கள் சிலரின் முன்பற்களில் பழுப்புக் கறையை நீங்கள் கண்டிருக்கலாம். அது வெற்றிலைக் கறையன்று, தேய்த்தாலும் போகாது. அப்பகுதிப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு என்னும் பொருளே அதற்குக் காரணம்.

“பற்பசையிலும் ஃபுளூரைடு இருக்கிறதே! பல் மருத்துவர் அதை என் தம்பியின் பற்களில் பூசலாமா?” என்று மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள். பூசக் கூடாது என்று அவளுடைய பாட்டி தடுத்துவிட்டாராம். பாட்டியின் அச்சம் பொருளற்றதன்று; அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். ஆயினும், இவ்விரண்டும் ஒன்றல்ல.

நிலைத்த பற்கள் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஈறுக்குள் உருவாகத் தொடங்குகின்றன. ஏறத்தாழ எட்டு வயது வரை இது நிகழ்கிறது. அக்காலத்தில் மிகுதியான ஃபுளூரைடு நாள்தோறும் வயிற்றுக்குள் சென்றால், அது குருதியில் கலந்து பல்லின் எனாமலைக் கெடுக்கிறது. ஆகவேதான் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருத்தல் நன்றன்று என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்றதும் இக்குறையை நீக்கவே.

மருத்துவர் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ் பல்லின் மேற்பரப்பில் வேலை செய்வது. சில துளிகளே போதும். பூசியவுடன் பல்லில் ஒட்டிக்கொள்ளும். விழுங்கப்படுவது மிகச் சிறிதே. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே பூசுவர். இனிப்புத் துணுக்குகளை உண்ணும் நுண்ணுயிரிகள் அமிலத்தைச் சுரந்து எனாமலைக் கரைக்கின்றன. கரைந்த தாதுக்கள் மீண்டும் படிய ஃபுளூரைடு துணைபுரிகிறது. எனவே, பாற்பற்களுக்கும் இது பாதுகாப்பானதே.

பற்பசையில்தான் நாம் பெரிதும் கருத்தூன்ற வேண்டும், ஏனெனில் சிறு குழந்தைகள் அதை விழுங்கிவிடுவர். மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு ஓர் அரிசி மணியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விளம்பரங்களில் பிரஷ் முழுவதும் பசையைப் பிதுக்கிக் காட்டுவர். அது பசை விற்போர்க்கு நல்லது!

இன்னொன்று. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளூரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பொம்மனஹள்ளியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பியிருக்கும் வீடுகள் உண்டு. ஆதலால், தம்பி தங்கையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, வீட்டில் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவரிடம் கூறுங்கள்.