மலை வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்?
ஏலகிரியில் பாசியும் செம்மண்ணும் படுத்தும் பாடு

வீட்டுக்கு வெளியே பெயிண்டு அடிப்பது என்று முடிவு செய்தால் போதும். அன்று ராத்திரியே வீட்டுக்குள் மூன்று கட்சி உருவாகி விடும்.

"வெள்ளையே போதும்டா" என்பார் பெரியவர். "சந்தன கலர்தாங்க லட்சணம்" என்பார் வீட்டுக்கார அம்மா. "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீட்டுக்கு ஊதா அடிச்சிருக்காங்கப்பா, சூப்பரா இருக்கு" என்பான் பையன்.

கீழே ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. மலை மேல் ஏலகிரியில் கதை வேறு. அங்கே தப்பான பெயிண்டை அடித்தால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுவரே காட்டிக் கொடுத்து விடும். தீபாவளி போனசும் சீட்டுப் பணமும் செதில் செதிலாக உதிர்ந்து திண்ணையில் விழும்!

14 வளைவு

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஏலகிரி. பொன்னேரியைத் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அத்தனாவூர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். நிலாவூர், மங்கலம், புங்கனூர் என்று சின்னச் சின்ன ஊர்கள் சேர்ந்ததுதான் ஏலகிரி மலை.

கீழே வேலூர் பக்கம் வீட்டுச் சுவருக்கு எதிரி வெயில். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொளுத்தும் ஊரில் வெள்ளையும் இளம் நிறங்களும்தான் புத்திசாலித்தனம். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வேலையை வெள்ளை நன்றாகச் செய்யும். கறுப்புக்குப் பக்கத்து நிறங்கள் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்குள் கக்கும். சுவரை விட மொட்டை மாடிக்கு இது இன்னும் முக்கியம். 2023-ம் ஆண்டு தெலுங்கானா அரசு "குளிர் கூரை" என்று ஒரு கொள்கையே கொண்டு வந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

மலையில் வெயில் அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. அங்கே வில்லன்கள் இரண்டு பேர். ஒருவன் ஈரம், இன்னொருவன் செம்மண்.

மழைத் தண்ணீர் கூரை ஓரத்தில் இருந்து மண்ணில் விழும். விழுந்த வேகத்தில் சேறு தெறித்து, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறும். பளிச்சென்று வெள்ளை அடித்த வீடு, ஐப்பசி முடியும்போது பாவாடை கட்டின மாதிரி நிற்கும். வெயில் சரியாகப் படாத சுவரில் பாசி பிடிக்கும். முதலில் பச்சை, அப்புறம் கறுப்பு. மரத்தடியில் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

காவிப் பட்டை

இதற்கு மருந்தை நம் கிராமத்து ஜனங்கள் எப்போதோ கண்டுபிடித்து விட்டார்கள். சுவருக்கு வெள்ளை, அடியில் இரண்டு மூன்று அடிக்குக் காவி. திண்ணை வைத்த வீடுகளில் பார்த்திருக்கலாம். அதை அழகுக்கு மட்டும் செய்தது என்று நினைத்தால் தப்பு. செம்மண் தெறிக்கிற இடத்துக்குச் செம்மண் கலரையே அடித்து விட்டால், தெறித்தது எங்கே தெரியப் போகிறது?

ஏலகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் இதை விட நல்ல யோசனை கிடையாது. அடியில் மூன்று அடிக்குக் காவி, செங்கல் கலர் அல்லது அழுத்தமான பழுப்பு. மேலே கிரீம், சந்தனம், பிஸ்கட் மாதிரி மங்கலான நிறம். பாசிக்குப் பயந்தவர்கள் மேலே கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சை அடிக்கலாம். சுத்த வெள்ளை மட்டும் அங்கே வேலை வைக்கும்.

காவிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது இரும்புத் துருவின் இனம். மஞ்சள் காவியும் அதே ஜாதிதான். எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தாலும் சாயம் போகாது. ஊதா, ரோஸ், கிளிப்பச்சை மாதிரி பளபளக்கும் நிறங்களில் பல அப்படி இல்லை. மேற்குப் பக்கச் சுவர் வெளுத்து, கிழக்குப் பக்கச் சுவர் மட்டும் பழைய கலரில் நிற்கும். ஒரே வீடு இரண்டு வீடு மாதிரி தெரியும்!

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரத்துக்கு இளஞ்சிவப்பு நகரம் என்று பெயர். 1876-ம் ஆண்டு இங்கிலாந்து இளவரசர் வருகிறார் என்று மன்னர் ராம்சிங் ஊரையே ஒரே நிறத்தில் அடிக்கச் சொன்னார். அதுவும் காவிக்கல் குடும்பத்து நிறம்தான். இன்றைக்கும் பழைய நகரத்துக் கடைவீதிகள் அதே நிறத்தில் இருக்கின்றன.

தோலுக்கும் சுவருக்கும் ஒரே சுண்ணாம்பு

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. தோல் ஷாப்பில் பச்சைத் தோலின் முடியை உதிர்க்க அதைத்தான் கரைத்து ஊறப் போடுவார்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிப்பதும் அதுதான். இன்னொரு உறவும் இருக்கிறது. சுவர்க் கலர் கையில் ஒட்டாமல் இருக்க அந்தக் காலத்தில் கலந்த வஜ்ரம், தோல் துணுக்குகளைக் காய்ச்சி எடுத்த பசை!

சுண்ணாம்பு மலிவு என்று இளக்காரம் வேண்டாம். சுவரில் அடித்த பிறகு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து, மெதுவாகக் கல்லாக இறுகும். அதன் காரத்தில் பாசி சுலபமாக வளராது. எல்லாவற்றுக்கும் மேலே, சுவருக்குள் இருக்கிற ஈரத்தை அது வெளியே விடும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். மலையில் பழைய வீடுகள் மண் சுவர். கொஞ்சம் வசதி வந்ததும் அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி படியும் எமல்சனை ஏற்றி விடுகிறார்கள். முதல் மாதம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். தரையில் இருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும். சில இடங்களில் மண்ணையும் பெயர்த்துக் கொண்டு விழும். மண் சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும்தான் சரி. யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம்.

சிமெண்டு பூசிய சுவருக்கு எமல்சன் தாராளமாக அடிக்கலாம். ஆனால் பழைய சுண்ணாம்பின் மேல் நேராக அடிக்கக் கூடாது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் கலர். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றித் தேய்க்க வேண்டும். பாசி மேலேயே கலர் அடித்தால், ஆள் செத்தாலும் பாசி சாகாது.

ஈரத்தைக் கண்டுபிடிக்கவும் சுலப வழி உண்டு. ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், அந்தச் சுவர் இன்னும் தயார் ஆகவில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் உப்புப் பூத்துக் கலரைத் தின்று விடும்.

அட்டையை நம்பாதே

கடையில் கலர் அட்டையைக் காட்டுவார்கள். தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் அடக்கமாகத் தெரிகிற மஞ்சள், ஆயிரம் சதுர அடிச் சுவரில் ஏறினால் கண்ணைப் பறிக்கும். பிடித்த கலருக்கு ஒரு படி மங்கலானதை எடுப்பது பெயிண்டர்களின் வழக்கம்.

அதை விட நல்லது, சின்ன டப்பா வாங்கி இரண்டு சுவரில் மூன்று அடி சதுரம் அடித்துப் பார்ப்பது. காலைப் பனியில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்க வேண்டும். சுற்றிலும் பச்சை மரம் இருக்கிற மலையில், டவுனில் பார்த்த கலர் அப்படியே தெரியாது. இன்னொரு எச்சரிக்கை. ஜன்னலுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று என்று எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து ஏதாவது கட்சிக் கொடி ஆகிறதா என்று பார்த்துக் கொள்வது நல்லது. தேர்தல் நேரத்தில் பதில் சொல்லி மாளாது!

எவ்வளவு வாங்குவது? 20 அடிக்கு 30 அடி வீடு, 11 அடி உயரம் என்று வையுங்கள். சுற்றளவு 100 அடி. மொத்தம் 1,100 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 150 கழித்தால் 950. நல்ல எமல்சன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும். 19 லிட்டர் ஆகிறது. 20 லிட்டர் பக்கெட் ஒன்று போதும். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். காவிப் பட்டைக்குத் தனியாக எடுப்பதை இதில் கழித்துக் கொள்ளலாம்.

பழைய கதவு, ஜன்னல் கம்பியில் இருக்கிற எனாமலைச் சுரண்டும்போது மட்டும் குழந்தைகளை அங்கே விடாதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் உண்டு. அந்தத் தூசி வயிற்றுக்குள் போனால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

மலையில் வேலைக்கு நல்ல காலம் தை பிறந்ததில் இருந்து பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காய்ந்திருக்கும். மே மாதக் கோடைக் கூட்டம் வருவதற்குள் வேலை முடிந்து விடும். ஆனால் காலை ஏழு மணிக்கே பிரஷைத் தூக்கக் கூடாது. பனி விலகி, சுவரைத் தொட்டால் சில்லென்று ஈரம் ஒட்டாத நேரம் வரும். அப்போது ஆரம்பித்து, சாயங்காலம் நாலு மணிக்கு டப்பாவை மூடி விட வேண்டும்.