லட்சம் மின்னஞ்சல்களில் ஒரு சொல்லைக் கணினி எப்படி நொடியில் பிடிக்கிறது?

கருப்புத் திரையில் ‘நாட்மச் சர்ச் ரசீது’ என்று தட்டுகிறீர்கள். அந்தச் சொல் உள்ள கடிதங்கள் சட்டென வந்து நிற்கின்றன. அத்தனையையும் அதற்குள் படித்துவிட்டதா?

இல்லை. முன்பே படித்து வைத்திருக்கிறது.

கல்யாண மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். வந்தவர் வரிசையில்தான் பெயர்கள் இருக்கும். உசிலம்பட்டிக்காரர்கள் யார் யார் என்று கேட்டால் முழு நோட்டையும் புரட்ட வேண்டும். ஊர்வாரியாக இன்னொரு பட்டியல் போட்டு, ஊர்ப்பெயருக்கு எதிரே பக்க எண்களை எழுதி வைத்திருந்தால்? நேராக அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம்.

கார்ல் வொர்த் 2009-இல் வெளியிட்ட நாட்மச் என்ற மின்னஞ்சல் தேடல் மென்பொருள் செய்வது இதைத்தான். ஊருக்குப் பதில் சொல். ‘நியூ’ கட்டளை புதுக் கடிதங்களின் சொற்களைப் பட்டியலில் சேர்க்கும். ‘டேக்’ கட்டளையோ கடிதத்துக்குள் எதையும் எழுதாது. ‘வரி’, ‘வீடு’ என நீங்கள் தரும் குறியைப் பட்டியலில்தான் போடும்.

சிக்கலும் அங்கேதான். பட்டியல் கெட்டுப்போனால் சொற்களை மறுபடி தொகுக்கலாம், கடிதங்கள் இருக்கின்றனவே! உங்கள் குறிகள்? போனது போனதுதான்.

அதற்காகத்தான் ‘டம்ப்’. ஒவ்வொரு கடிதத்தின் அடையாளத்தையும் அதன் குறிகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கித் தரும். ‘ரெஸ்டோர்’ திரும்ப ஏற்றும். கடிதங்களை நகலெடுப்பது ‘டம்ப்’பின் வேலையல்ல. கடிதங்கள் இருக்கும் கோப்புறையை நீங்களே தனியாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.