சூடேறியதும் நின்றுபோகும் பழைய வேன்: காரணமும் பரிகாரமும்

காலையில் சாவியைத் திருப்பியவுடன் இயங்கத் தொடங்கும் பழைய வேன், பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின் மேட்டில் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் சென்றபின், ஒன்றுமே நடவாதது போல் மீண்டும் ஓடுகிறது. கோளாறு தானே நீங்கிவிட்டது என்று நாமும் பயணத்தைத் தொடர்கிறோம். இவ்வெண்ணமே ஆபத்துக்கு வித்தாகும். அடுத்த முறை அவ்வண்டி இரயில் பாதைக் கடப்பிலோ, மலைச்சாலை வளைவிலோ நிற்கக்கூடும். அப்பொழுது அதனுள் நம் மனைவி மக்கள் இருப்பர்.

எடுத்துக்காட்டாக, வோக்ஸ்வேகன் கோம்பி வேனைப் பார்ப்போம். ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய இவ்வண்டி, படுக்கையும் அடுப்பும் பொருத்திய சுற்றுலா வேனாகவும் உலகெங்கும் பெயர் பெற்றது. பிரேசிலில் 2013ஆம் ஆண்டு வரை இது தயாரிக்கப்பட்டது. பழைய கோம்பியின் இயந்திரம் வண்டியின் பின்புறத்தில் உள்ளது. அதற்கு ரேடியேட்டர் இல்லை. விசிறி செலுத்தும் காற்றே அதனைக் குளிர்விக்கிறது.

எந்தப் பெட்ரோல் இயந்திரமும் ஓடுவதற்கு அளவான பெட்ரோலும், உரிய நேரத்தில் தீப்பொறியும் வேண்டும். சூட்டினால் இவ்விரண்டில் எது தவறுகிறது என்று கண்டறிவதே நம் முதல் வேலை. வண்டி ஆறிவிட்டால் கோளாறு மறைந்துவிடும். ஆகவே, நின்ற சில நிமிடங்களுக்குள் சோதிக்க வேண்டும். அதற்கு முன் வண்டியைச் சாலையோரம் தள்ளி நிறுத்தி, பயணிகளை இறக்கிப் பாதுகாப்பான இடத்தில் நிற்கச் செய்தல் வேண்டும்.

தீப்பொறிச் சோதனை

பெட்ரோல் வாடை வீசினால் இச்சோதனையைச் செய்யலாகாது. வாடை இல்லையெனில், ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, கையிருப்பிலுள்ள வேறொரு பிளக்கில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் உலோகத்தைத் தொடுமாறு வைக்க வேண்டும். கம்பியைக் கையால் பிடிக்கலாகாது. உதவியாளர் ஒருவர் சாவியைத் திருப்பும்போது நீலநிறத்தில் வலுவான பொறி பறந்தால் குறையில்லை. பொறி மஞ்சளாக மங்கியிருந்தாலோ, பறக்காமலே போனாலோ, காயில் அல்லது கண்டன்சர் மீது ஐயங்கொள்ளலாம். காயிலின் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் காப்புப்பூச்சு பழுதுற்றால், சூட்டில் மின்சாரம் கசிந்து பொறி குன்றும். ஆறியபின் மீண்டும் வேலை செய்யும். கண்டன்சர் விலை குறைந்த பொருள்; அதனை முதலில் மாற்றிப் பார்ப்பது சிக்கனமாகும்.

பெட்ரோல் சோதனை

பொறி நன்றாக இருப்பின், சாவியை அணைத்துவிட்டுப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய அதனிடத்தில் காற்று நுழையாவிடில், பம்பினால் பெட்ரோலை இழுக்க இயலாது. இக்கோளாறும் சிறிது தூரம் ஓடிய பின்னரே தலைகாட்டுவதால், சூட்டின் குறையென்று பலர் மயங்குகின்றனர்.

அடுத்து, காற்று வடிகட்டியைக் கழற்றிக் கார்புரேட்டரின் வாயைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் நெம்பைக் கையால் அசைத்தால் உள்ளே பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். பீச்சாவிடில், குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பைத் தடுத்திருக்கலாம். பெட்ரோலின் இலேசான கூறுகள் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. ஆகவே, குழாய் சூடான பாகங்களை ஒட்டிச் செல்லாதவாறு அமைக்க வேண்டும். பெட்ரோல் தாராளமாக வந்தும் கரும்புகையுடன் வண்டி நின்றால், சோக் மூடியபடியே சிக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

காற்றே உயிர்

1,600 சி.சி. கோம்பியில் விசிறியைச் சுழற்றுவது ஒரு பெல்ட் ஆகும். அது அறுந்தால் டைனமோவின் சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இன்னும் சிறிது தூரம் போகலாமென்று எண்ணினால் இயந்திரமே பாழாகிவிடும். இயந்திர அறையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால், அடியிலுள்ள சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். அதனையும் கவனித்தல் நலம்.

ரப்பரைப் பற்றி ஒரு சொல்

நாம் பால்வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் பற்பல சிறப்புகள் உடையது. எனினும், பெட்ரோலில் ஊறினால் அது உப்பி வலுவிழக்கும். ஆதலால்தான் பெட்ரோல் குழாய்கள் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. அவசரத்துக்குக் கையில் கிடைத்த தண்ணீர்க் குழாயைத் துண்டித்துப் பொருத்துவது தீயை அழைப்பதாகும். பழைய குழாயை விரலால் வளைத்துப் பார்க்கையில் வெடிப்புத் தென்பட்டால், அன்றே மாற்றிவிட வேண்டும்.

இவ்வியந்திரத்தின் உடற்பகுதி மக்னீசியக் கலவையால் ஆனது. அது தீப்பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் மூளும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். எனினும், ஆட்களை அப்புறப்படுத்துவதே முதற் கடமை.

கோளாறு எதுவென்று தெளிந்தபின் பட்டறைக்குச் சென்றால், வேண்டாத பாகங்களை மாற்றிப் பணத்தை இழக்க நேராது. காரணம் அறியாமல், ஆறினால் ஓடுகிறதே என்று மனநிறைவு கொள்வதை மட்டும் நாம் அறவே விட்டொழிப்போமாக.