பற்றரிக்குள் ஒரு காவற்காரன்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு லிதியம் பற்றரி புதிய பொருளல்ல. இரவில் தொழிலுக்குப் போகிறவர்களின் தலை லைற்று, வீட்டு அவசர விளக்கு, பவர் பேங்க் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது இவை இன்னும் பெருகின. ஆனால் அந்தப் பற்றரியோடு ஒட்டியிருக்கும் சிறிய பச்சைப் பலகையை நம்மில் பலர் கவனித்ததேயில்லை.

அது ஏன் வேண்டும்? ஒரு லிதியம் அயன் கலம் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ற்று. அதற்கு மேலும் ஏற்றினால், லிதியம் அயன்கள் காரீயத்துக்குள் புக இடமின்றி அதன்மேல் உலோகமாகப் படியும், கலம் சூடேறும். (எமது நாட்டில் போகலச் சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அந்தக் காரீயம்தான்.) உள்ளேயிருக்கும் திரவமோ எரியக்கூடியது. அளவுக்கு மீறி வெறுமையாக்கினாலும் ஆபத்து. செப்புத் தகடு கரைந்து, அடுத்த தடவை சார்ஜ் பண்ணும்போது வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படலாம்.

சார்ஜர் 4.2இல் நிறுத்த வேண்டும். அது தவறினால் பலகை நிறுத்தும். மலிவான பலகைகளில் பெரும்பாலும் இருப்பது டிடபிள்யூ 01 என்னும் சில்லு. சுமார் 4.3 வோல்ற்றில் ஏற்றத்தையும் 2.4இல் இறக்கத்தையும் அது துண்டிக்கும். துண்டிக்கும் ஆளிகள் இரண்டு மொஸ்பெற்றுகள். ஒன்று போதாதா என்று நானும் யோசித்தேன். மொஸ்பெற்றுக்குள் இயல்பாகவே ஓர் இருவாயி உண்டு. மூடினாலும் ஒரு திசையில் மின் கசியும். அதனால்தான் எதிரெதிராக இரண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, அது ஓட்டத்தை அளக்கும் விதம். தனி மானி கிடையாது. அந்த மொஸ்பெற்றுகளின் குறுக்கே 0.15 வோல்ற்று விழுந்தால் போதும், துண்டித்துவிடும். இரண்டினதும் தடை 0.05 ஓம் எனில் 3 அம்பியர். நாம் வகுப்பில் படிக்கும் ஓமின் விதிதான்.

மூன்று கலங்களைத் தொடராக இணைத்த பொதியில் சிக்கல் கூடும். சார்ஜர் மொத்தம் 12.6 வோல்ற்றை மட்டுமே பார்க்கும். 4.0, 4.1, 4.5 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். கலம் கலமாகப் பார்ப்பது பலகை மட்டுமே.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். லைற்று திடீரென நின்றால் பற்றரி செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பல நேரம் பலகைதான் தன் வேலையைச் செய்து நிறுத்தியிருக்கும். சார்ஜரில் போட்டால் எழும்பும். ஆனால், "போட்டைக் கழட்டிட்டு டிரெக்ட் பண்ணித் தாறன், இனி நிக்காது" என்று திருத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நிற்காது என்பது உண்மைதான்; நிற்க வேண்டிய நேரத்திலும் நிற்காது. அதைப் படுக்கையில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு உறங்குகிறோம்.

உம்றாவுக்குப் புறப்படும் பெற்றோருக்கும் ஒன்று. பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போட விமான நிறுவனங்கள் விடுவதில்லை, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவான எல்லை 100 வாற்று மணி. 20,000 மில்லியம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கினால் 74 வாற்று மணி, அது பிரச்சினையில்லை.

கடல்நீர் பட்ட பொதியில் பலகை பச்சை பூத்துக் கெட்டுப்போகும். அதன் பிறகு காவல் இருக்கிறது என்று நம்ப முடியாது. அதையும், வயிறு ஊதிய பற்றரியையும் சார்ஜ் போடாமல், குத்தாமல், வீட்டுக்கு வெளியே காய்ந்த மணலில் தள்ளி வையுங்கள்.