உறைக்குள் ஒளிந்திருக்கும் செலவு

1962-இல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்டது. அந்த ஹெரால்டே சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாராயிற்று. இத்தகைய பழைய காரை வாங்க விரும்பும் வாடிக்கையாளர்கள், புதிய இருக்கை உறையைக் கண்டு மயங்கலாகாது. முந்தைய உரிமையாளர்களின் அரைகுறை வேலை அதனடியில்தான் மறைந்திருக்கும்.

மட்டாஞ்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் காருக்குப் பகை. ஈரம் கோத்த தரைவிரிப்பு, அடியிலுள்ள தகட்டைத் துருவேற்றும். எனவே முதலில் விரிப்பை அகற்றித் தகட்டைச் சீராக்க வேண்டும். அடுத்தது மின்கம்பிகள். ஃப்யூஸ் இன்றி, முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் தீ விபத்துக்கு வழிவகுக்கும். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடற்பகுதியுடன் இணைந்திருக்கும். இதை அறியாமல் புதிய ரேடியோவைப் பொருத்தினால் அது கருகிவிடும். இருக்கையும் உறையும் இறுதியில்தான்.

கழற்றிய பாகங்களை எறிந்துவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி அசல் வடிவில் உள்ள வாகனமே ‘விண்டேஜ்’ பதிவு பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்போ, நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. அப்போது பழுதுபார்த்த ரசீதுகளும் புகைப்படங்களுமே நமக்காகப் பேசும்.