புதிய வீட்டின் முதற்கடமை

 



ஒரு வீட்டை வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ நாம் பலவற்றையும் விசாரிக்கின்றோம். காணி உறுதி சரியானதா? தண்ணீர் வசதி உண்டா? பள்ளிவாசல் அருகில் உள்ளதா? அயலவர்கள் எப்படிப்பட்டவர்கள்? வீட்டைத் தேடுமுன் அயலவரைத் தேடு என்று அரபிகளிடம் ஒரு முதுமொழியும் உண்டு. ஆனால் அத்தெருவில் ஏற்கெனவே வாழ்பவர்களும் நம்மைப் பற்றி விசாரிக்கின்றனர் என்பதை மறந்துவிடுகின்றோம். வந்திருப்பவர் எப்படிப்பட்ட அயலவர்? மார்க்கம் நம்மிடம் கேட்கும் கேள்வியும் இதுவேயாகும்.

கி.பி. 622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்கு வந்தார்கள். புதிய ஊர், பல கோத்திரங்கள், யூதர்களும் வாழ்ந்த இடம். அன்று யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) அவர்கள் மக்கள் கூட்டத்தோடு நபியவர்களைப் பார்க்கச் சென்றார்கள். அன்னாரின் முகத்தைக் கண்டதும் அது பொய்யரின் முகமல்ல என உணர்ந்தார்கள். நபியவர்களிடமிருந்து அவர்கள் முதன்முதலாகச் செவியுற்ற உபதேசம் யாது? ஸலாத்தைப் பரப்புங்கள், உணவளியுங்கள், உறவைப் பேணுங்கள், மக்கள் உறங்கும் இரவில் தொழுங்கள் என்பதேயாகும். திர்மிதி, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. புதிய ஊரில் குடியேறியவுடன் கூறப்பட்ட நான்கு விடயங்களில் முதலிரண்டும் முகமனும் உணவுமாக இருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அந்நாட்களில் நபியவர்கள் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரழி) அவர்களின் இல்லத்தில் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. ஒரு துளியேனும் கீழே சிந்தி நபியவர்களுக்குத் தொல்லை தந்துவிடுமோ என அஞ்சிய அபூ அய்யூபும் அவர்தம் மனைவியும், தம்மிடமிருந்த ஒரே போர்வையால் அத்தண்ணீரைத் துடைத்தெடுத்தார்கள். இன்று தொடர்மாடிகளில் வாழும் நாம், மேல்வீட்டுக் குழாய் ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் நனையும்போது என்ன பதில் கூறுகின்றோம்?

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆவது வசனத்தில், தன்னை வணங்குமாறு கட்டளையிடும் அல்லாஹு தஆலா, அதே வசனத்தில் நெருங்கிய அயலவருக்கும் அந்நிய அயலவருக்கும் நன்மை செய்யுமாறு பணிக்கின்றான். முஸ்லிமான உறவினர் அயலவராயின் அவருக்கு மூன்று உரிமைகள், உறவினரல்லாத முஸ்லிமுக்கு இரண்டு, முஸ்லிமல்லாதவருக்கு அயலவர் என்ற உரிமை என அறிஞர்கள் வகுத்துக் கூறுவர். எவருக்கும் உரிமை இல்லாமற் போகவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன.

நாமோ குடிபுகும் நாளில் தூரத்து உறவினர்களையெல்லாம் அழைக்கின்றோம். யாஸீன் ஓதி, துஆ கேட்டு, சஹனில் உணவு பரிமாறுகின்றோம். மதிலுக்கு அப்பால் வாழும் சிங்களக் குடும்பத்துக்கோ தமிழ்க் குடும்பத்துக்கோ வாகன நெரிசல் மட்டுமே மிஞ்சுகின்றது. இரண்டு அயலவர்களில் யாருக்கு அன்பளிப்புச் செய்வது என ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, எவருடைய வாசல் அருகிலுள்ளதோ அவருக்கு என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். இது புகாரியில் உள்ளது. ஆகவே முதற்தட்டு அடுத்த வாசலுக்குச் செல்லட்டும். பெற்றோர் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அயலவரின் மொழியில், அவர்களுக்குரிய முறையில் முகமன் கூறப் பழக்குங்கள். அவர்கள் எதை உண்பர், எதைத் தவிர்ப்பர் என முன்கூட்டியே கேட்டறியுங்கள். மாட்டிறைச்சி உண்ணாத வீட்டுக்குப் பழங்களை அனுப்புவதே பண்பாகும்.

இளைஞர்களே! ஒரு பெண் தொழுகையும் நோன்பும் தர்மமும் மிகுந்தவளாயிருந்தும், நாவினால் அயலவரைத் துன்புறுத்தியதால் நரகவாதியெனச் சொல்லப்பட்டாள். தராவீஹ் முடிந்து நள்ளிரவில் தெருவில் கிரிக்கெட் ஆடிக் கூச்சலிடுவதும், மோட்டார் சைக்கிளை முறுக்கி ஓட்டுவதும், பிறர் வாசலை மறித்து நிறுத்துவதும் சிறியவையல்ல. உறக்கம் கலைந்த நோயாளிக்கு நம் றமழானைப் பற்றி வேறென்ன தெரியும்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வெறுங்கையோடு புத்தளம் வந்தபோது, அங்குள்ள மக்கள் கதவுகளைத் திறந்தனர். அயலவர் என்ற சொல்லின் பெறுமதியை நம் சமூகம் அன்று அனுபவித்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின்னர் சந்தேகப் பார்வையின் கசப்பையும் அனுபவித்தது. நம்மை அறிந்த அயலவர் நம்மைப் பற்றிய வதந்தியை நம்பத் தயங்குவார். நம் முகத்தையே அறியாதவர் எதனைக்கொண்டு மறுப்பார்? இருப்பினும் அச்சத்திற்காக அயலவரை நாடாதீர்கள். அல்லாஹ் கட்டளையிட்ட அவரது உரிமைக்காக நாடுங்கள்.

புதிய வீட்டில் குடியேறியவரும், புதியவர் வந்திருப்பதைக் கண்டும் இதுவரை பேசாதிருப்பவரும் இன்றே அவ்வாசலுக்குச் செல்லுங்கள். நம் இல்லங்களை அயலவர் அச்சமின்றி வாழும் இல்லங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.